கதவடியிலை ஒரு கதிரை

இண்டைக்கு நான் ஆரைச் சந்திச்சன் தெரியுமே? பாரிஸ் லா சப்பல்லை மெக்சிக்கோச் சாப்பாடு சமைக்கிற எங்கடை யாழ்ப்பாணத்து அக்கா ஒராளை! பேர் கோசலை. சும்மா ரெண்டு தாக்கோ சாப்பிட்டிட்டு வருவம் எண்டுதான் போனனான். அவ தன்ரை கதையைச் சொல்லி முடிக்க எனக்குக் கதிரையை விட்டு எழும்பேலாமல் போச்சு. ட்ரெயினிலை நிண்டுகொண்டு கெதி கெதியா ரைப் பண்ணுறன், எழுத்துப் பிழையளைப் பொறுத்துக்கொள்ளுங்கோ. ஆனால் கடைசி வரைக்கும் வாசியுங்கோ.

கோசலை அக்கா பாரிசுக்கு வெளியிலை வில்லியே லே பெல்லிலை இருக்கிறா. மகள் லக்ஷனா, யூனிவேர்சிற்றியிலை படிக்கிறாள். மனுசன்ரை பேர் துஷ்யந்தன். 2009ஆம் ஆண்டு, சண்டையின்ரை அந்தக் கடைசிக் கிழமையளிலை, ஆமிக்காரர் வரிசையிலை ஆம்பிளையளை ஒரு பக்கமும் பொம்பிளையளை ஒரு பக்கமுமாப் பிரிச்சாங்கள். துஷ்யந்தன் ஒரு பஸ்ஸிலை ஏறினார். யன்னலாலை கையைக் காட்டி, "பிள்ளைக்குத் தண்ணி குடு" எண்டார். அவ்வளவுதான். அந்த பஸ் எங்கை போனது எண்டு இண்டு வரைக்கும் ஒருத்தரும் சொல்லேல்லை. அப்ப லக்ஷனாவுக்கு மூண்டு வயசு.

கோசலை பொட்டை அழிக்கேல்லை, தாலியைக் கழட்டேல்லை. ஒரு சடங்கும் செய்யேல்லை. "ஆள் இல்லை எண்டு ஆர் கண்டது?" எண்டு கேப்பா.

பாரிசுக்கு வந்த புதுசிலை கோப்பை கழுவப் போன இடம்தான் பியட்றிஸின்ரை கடை. பியட்றிஸ் மெக்சிக்கோக்காரி, ரூ பஜோலுக்குக் கிட்ட ஒரு சந்திலை சின்னச் சாப்பாட்டுக் கடை வைச்சிருக்கிறா. ஒருநாள் பியட்றிஸ் செத்தல் மிளகாய், எள்ளு, கறுவா, கராம்பு எல்லாத்தையும் தாச்சியிலை போட்டு வறுக்கிறதைக் கோசலை பாத்துக்கொண்டு நிண்டவ. மிளகாய் கருகப் போகுது எண்டு பொறுக்கேலாமல் அகப்பையைப் பறிச்சுப்போட்டா! எங்கடை தூள் வறுக்கிற கை. பியட்றிஸ் ருசி பாத்திட்டு, "நாளையிலை இருந்து கோப்பை கழுவ வேறை ஆளைப் பிடிக்கிறன், நீ அடுப்படிக்கு வா" எண்டாவாம். அந்தக் குழம்புக்குப் பேர் மோலே. கடைசியிலை கொஞ்சம் சொக்லேற் போடுறது. "முதல் எனக்குச் சத்தி வரப் பாத்தது, இப்ப நான் வீட்டுக் கோழிக்கறிக்கும் ஒரு துண்டு போடுறனான், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்" எண்டு என்னட்டைச் சொன்னா. மன்னியுங்கோ அக்கா, எழுதிப்போட்டன்.

குசினியிலை அடுப்புக்கு மேலை ஒரு தட்டு. அதிலை ஒரு பிள்ளையார் படம், பக்கத்திலை துஷ்யந்தன்ரை படம். காலமை வந்த உடனை பிள்ளையாருக்கு ஒரு பூ, ஒரு சின்ன விளக்கு. பேந்துதான் அடுப்பு பத்தும். பிள்ளையாருக்கு வைச்ச பூ துஷ்யந்தனுக்கும் வைச்ச மாதிரித் தெரியும், தட்டு அவ்வளவு ஒடுக்கம். இதை மனசிலை வைச்சிருங்கோ.

இப்ப நான் சொல்லப் போறது போன வருசம் நொவெம்பர் முதலாந் திகதி நடந்தது. மெக்சிக்கோக்காரருக்கு அது செத்தவையின்ரை திருநாள். செத்தவை அண்டைக்குத் தங்கடை வீட்டுக்குச் சாப்பிட வருவினமாம். மேசையிலை அவையின்ரை படங்களை வைச்சு, செம்மஞ்சள் செவ்வந்திப் பூவாலை சோடிச்சு, மெழுகுதிரி கொளுத்தி, அவைக்குப் பிடிச்ச சாப்பாட்டை வைப்பினம். அழுகை கிடையாது, பாட்டும் சிரிப்பும்தான். எங்களுக்குப் படையல் மாதிரி, ஆனால் கலியாண வீட்டுக் கலகலப்போடை! பியட்றிஸ் ஒவ்வொரு வருசமும் றோட்டுப் பக்க யன்னலுக்குள்ளை அந்த மேசையைப் போடுவா. கடைக்கு வாறவையும் தங்கடை படங்களைக் கொண்டு வருவினம். பக்கத்துக் கட்டிடத்திலை இருக்கிற ஜிஸ்லேன் எண்ட பிரெஞ்சு மனுசி தன்ரை செத்துப்போன நாயின்ரை படத்தையே கொண்டந்து வைச்சவ.

போன வருசம் மேசை சோடிச்ச அண்டு கோசலைக்கு லீவு. சனி ஞாயிறிலை அங்கை பரிமாறப் போற லக்ஷனாதான் பியட்றிஸுக்கு உதவி செய்தாள். சிநேகிதி வீட்டிலை படுத்திட்டு நேரா வேலைக்கு வாறன் எண்டு தாய்க்கு ஒரு மெசேஜ் போட்டாள்.

அடுத்த நாள் காலமை கோசலை கார்ட் து நோர் ஸ்ரேசனிலை இறங்கி நடந்து வாறா. குளிர், வெளிச்சம் வடிவா வரேல்லை. பூக்கடை வாசலெல்லாம் பிரெஞ்சுச் சனம் கல்லறைக்குக் கொண்டு போற செவ்வந்திச் சாடியள். லா சப்பல்லுக்குக் கிட்ட வர, கோயில் அன்னதானத்திலை மரக்கறி வெட்டுற ஞானமலர் எதிர்ப்பட்டா. மற்ற நாளெண்டால் றோட்டுக்கு அந்தப் பக்கம் நிண்டே கத்திக் கதைக்கிற ஆள். அண்டைக்குக் கிட்ட வந்து கோசலையின்ரை ரெண்டு கையையும் பிடிச்சா.

"தைரியமா இருக்கவேணும் தங்கச்சி. உமக்குப் பிள்ளை இருக்கிறாள்."

"ஏனக்கா? என்ன நடந்தது?"

ஞானமலரின்ரை கண் கோசலையின்ரை நெத்தியிலை, பொட்டிலை நிண்டுது. "பின்னேரம் எல்லாரும் வாறம்" எண்டு சொல்லிப்போட்டு விறுவிறெண்டு நடந்திட்டா.

கோசலை மல்லியிலை வாங்க ஞானசுந்தரத்தின்ரை மரக்கறிக் கடைக்குள்ளை போனா. "மெக்சிக்கோ மகாராணி வாறா, வழி விடுங்கோ!" எண்டுதான் அந்த மனுசன் எப்பவும் பகிடி விடுறது. அண்டைக்கு அவவைக் கண்டவுடனை எட்டி றேடியோப் பாட்டை நிப்பாட்டினார். செத்த வீட்டிலைதான் அப்பிடிப் பாட்டு நிக்கும். மல்லியிலையைச் சுத்திக் குடுக்கேக்கை நிமிந்தும் பாக்கேல்லை.

"அண்ணை, ஏன் பாட்டை நிப்பாட்டினனீங்கள்?"

"இல்லைத் தங்கச்சி... சும்மா."

கடைக்குள்ளை நிண்ட மற்றச் சனம் ஒதுங்கி வழி விட்டுது.

வெளியிலை வந்து ஃபோனைப் பாத்தா. ஒரு மிஸ்ட் கோலும் இல்லை. லக்ஷனாவுக்கு அடிச்சா, எடுக்கேல்லை. திரும்பவும் அடிச்சா. ஊரிலை இருந்து செய்தி வந்திட்டுது, எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லீனமில்லை. அந்த ஒரே நினைப்புத்தான். இவ்வளவு வருசமா அந்தச் செய்திக்குப் பயந்து பயந்து இருந்த மனுசி, அது பாரிசிலை தனக்கு முன்னாலை நடந்து போகுது எண்ட மாதிரி, அதுக்குப் பின்னாலை நடந்தா. சந்தியிலை திரும்பினா.

யன்னலுக்குள்ளை துஷ்யந்தன். படத்தைப் பெருப்பிச்சு, கறுப்புச் சட்டம் போட்டு, கழுத்தைச் சுத்தி மொத்தமா ஒரு செவ்வந்தி மாலை. ஒரு பக்கத்திலை பியட்றிஸின்ரை தகப்பன், மற்றப் பக்கத்திலை ஜிஸ்லேனின்ரை நாய். முன்னாலை மெழுகுதிரியள் எரியுது.

எங்கடை ஆக்களுக்கு நான் இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மாலை போட்ட படம் எண்டால் ஆள் இல்லை எண்டு அர்த்தம். மனுசியே ஒத்துக்கொண்டு மாலை போட்டிட்டா எண்டு லா சப்பல் முழுக்க விடியவே கதை பரவியிருக்கு.

கோசலை கதவைத் தள்ளினா. சாம்பிராணி மாதிரி ஒரு புகை. குசினிக்குள்ளை இருந்து பியட்றிஸ் கையைத் துடைச்சுக்கொண்டு ஓடி வந்தா, முகமெல்லாம் சிரிப்பு. அவையின்ரை கதை பிரெஞ்சிலைதான்.

"பாத்தியோ! உன்ரை மனுசனும் இந்த முறை எங்களோடை சாப்பிடப் போறார்!"

"இவர் செத்திட்டார் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

பியட்றிஸின்ரை சிரிப்பு அப்பிடியே நிண்டுது. "நீ ஒவ்வொரு நாளும் பூவும் விளக்கும் வைக்கிறனியெல்லோ. எங்கடை ஊரிலை உயிரோடை இருக்கிற ஆளுக்கு அப்பிடி வைக்கிறேல்லை. எண்டாலும் நான் கேட்டனான், கோசலை. லக்ஷனாட்டைக் கேட்டனான். அவள்தான் ஓம் எண்டவள்."

கோசலை மாலையைக் கழட்டக் கையை நீட்டினா. கை பாதியிலை நிண்டிட்டுது. போட்டதும் பிழை. ஆனால் தன்ரை கையாலை அவரின்ரை கழுத்து மாலையைப் பிடுங்கினால் அது என்ன கணக்கு? ஏதும் நடந்திட்டால்? தொடவும் ஏலாமல், அங்காலை போகவும் ஏலாமல் நிண்டுகொண்டே இருந்தாவாம். யன்னலுக்கு வெளியாலை போற ஆக்கள் நிண்டு பாத்திட்டுப் போகினம்.

லக்ஷனா வந்தாள். தாயைக் கண்டவுடனை கதவடியிலையே நிண்டிட்டாள்.

"என்னடி செய்தி வந்தது? ஆர் சொன்னது உனக்கு? மறைக்காதை!"

"ஒருத்தரும் சொல்லேல்லை அம்மா."

"அப்ப ஏன் ஓம் எண்டனீ?"

வழக்கமா பிரெஞ்சிலை பதில் சொல்லுற பிள்ளை அண்டைக்குத் தமிழிலை சொன்னாள். "ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை, அதுதான். ஒருத்தரும் எப்பவுமே ஒண்டும் சொல்லப் போறேல்லை. என்ரை சிநேகிதிக்கு அப்பா செத்தவர். அவள் அழுதாள், எல்லாரும் போய்க் கட்டிப் பிடிச்சம். நான் எப்ப அழுறது? எங்கடை வீட்டிலை அழுதால் அபசகுனம் எண்டு வாயைப் பொத்துவீங்கள். எனக்கு அப்பாவுக்காக ஒருக்கா அழவேணும் அம்மா. ஒரே ஒருக்கா."

கோசலை அடிக்கத்தான் கையைத் தூக்கினா. அடிக்கேல்லை.

இவையின்ரை தமிழ் பியட்றிஸுக்கு விளங்காது. "என்ன நடக்குது, என்ன நடக்குது?" எண்டு கேட்டுக்கொண்டு நிண்டவவுக்கு லக்ஷனா விம்மி விம்மி பஸ்ஸின்ரை கதையைச் சொன்னாள். பியட்றிஸ் கிட்ட இருந்த கதிரையிலை தொப்பெண்டு இருந்தா.

"என்ரை அக்காவின்ரை மகனும்," எண்டா. "வேலைக்கெண்டு வடக்குப் பக்கம் பஸ் ஏறினவன். பஸ் போய்ச் சேந்தது, அவன் இல்லை. அக்கா அவன்ரை படத்தை ஒருநாளும் இந்த மேசையிலை வைக்க விடமாட்டா. ஊரிலை எங்கடை வீட்டிலை அவனுக்குக் கதவடியிலை வேறை ஒரு சின்ன மேசை. ஒரு கோப்பை, ஒரு கதிரை. பூ இல்லை, மெழுகுதிரி இல்லை. அதெல்லாம் செத்தவைக்கு வழி காட்ட. உயிரோடை வாறவனுக்குக் கதவு பூட்டாமல் இருந்தால் காணும் எண்டுவா அக்கா." பேந்து தலையிலை கை வைச்சுக்கொண்டு, "எனக்கு எல்லோ முதல் விளங்கியிருக்கவேணும்" எண்டா.

மாலையைப் பியட்றிஸ்தான் கழட்டினா. கறுப்புச் சட்டத்தையும் எடுத்திட்டு, கதவடியிலை ஒரு சின்ன மேசையை இழுத்துப் போட்டு, வெறும் படத்தை வைச்சா. கோசலை குசினிக்குள்ளை போய் அடுப்பைப் பத்தவைச்சு, முதல் வெந்த தமாலேயை எடுத்தா. அது சோள மாவைச் சோள மடலிலை சுத்தி அவிக்கிறது, எங்கடை கொழுக்கட்டை மாதிரி. கோப்பையிலை வைச்சு மோலே ஊத்திக் கொண்டந்தா. பக்கத்திலை ஒரு கிளாஸ் தண்ணியும்.

மகளைக் கூப்பிட்டு அந்த மேசைக்கு இங்காலை, தனக்குப் பக்கத்திலை இருத்தினா.

"அழு. வேணுமட்டும் அழு. நான் வாயைப் பொத்தமாட்டன். மாலை மட்டும் வேண்டாம்."

அந்தப் பிள்ளை அழுத அழுகை!

பின்னேரம் ஞானமலர் இன்னும் நாலு பொம்பிளையளைக் கூட்டிக்கொண்டு, எல்லாரும் நரைச்ச சீலையோடை, துக்கம் விசாரிக்க வந்து இறங்கினா. உள்ளுக்கை மெக்சிக்கோப் பாட்டு, கலர் கடுதாசித் தோரணம். கோசலை நெத்தியிலை பொட்டு, முந்தியைவிடப் பெரிசா.

"இருங்கோ அக்கா, சாப்பிடுங்கோ. இஞ்சை ஒருத்தரும் சாகேல்லை."

வந்தவை இருந்து சாப்பிட்டினம். ஞானமலர் மட்டும் கதவடி மேசையையே பாத்துக்கொண்டு இருந்தா. பேந்து கைப்பையைத் திறந்து, ஓரம் மடங்கின சின்னப் படம் ஒண்டை எடுத்தா. இளந்தாரிப் பெடியன், மீசை இப்பதான் அரும்பியிருக்கு.

"என்ரை தம்பி," எண்டா. "இதையும் இதிலை வைக்கலாமோ?"

அவ்வளவு காலம் பழகின கோசலைக்கே ஞானமலருக்கு அப்பிடி ஒரு தம்பி இருந்தது தெரியாது.

இந்த வருசமும் திருநாளுக்கு மேசை போட்டிருக்கினம். இண்டைக்கு நான் போகேக்கை அந்தக் கதவடி மேசையிலை இடம் இல்லை. எங்கடை முகங்கள், மெக்சிக்கோ முகங்கள், ஆபிரிக்க முகங்களும். ஒண்டுக்கும் பூ இல்லை. சூடான தமாலே, ஒரு கிளாஸ் தண்ணி, வெறுங் கதிரை. வெளியிலை சரியான காத்து. கதை சொல்லிக்கொண்டு இருக்கேக்கை கதவு ஒருக்காத் தானா ஆடித் திறந்துது. கோசலை அக்கா சொல்லை விட்டிட்டு முழுசாத் திரும்பினா. நானும் திரும்பினன், பியட்றிஸும். ஒருத்தரும் வரேல்லை. அவ எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினா, ஆனால் கொழுக்கி போடேல்லை. பேந்து கதையை விட்ட இடத்திலை இருந்து தொடங்கினா.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அந்த மேசை இருக்கும். ஒருக்காப் போங்கோ, மோலே கட்டாயம் சாப்பிடுங்கோ, அப்பிடி ஒரு ருசி பாரிசிலை வேறை இடத்திலை இல்லை! உங்கடை அலுமாரிக்குள்ளை மாலை போடாத படம் ஏதும் இருந்தால் அதையும் கொண்டு போங்கோ. தெரிஞ்ச ஆக்களுக்கு இதை அனுப்பிவிடுங்கோ. அங்கை போனால் எங்கை வேணுமெண்டாலும் இருங்கோ, அந்தக் கதவடிக் கதிரையிலை மட்டும் இருந்திடாதையுங்கோ.