சும்மா இருக்கத் தெரியாத கை

நாள் முழுக்க மற்றவர்களை ஆடாமல் இருக்கச் சொல்வது என் தொழில்; எனக்கோ ஐந்து நிமிஷம் ஒரு கதிரையில் உட்கார முடியாது. பஸ்ஸில் காலாட்டி, பக்கத்து சீட்டுக்காரரிடம் முறைப்பு வாங்கும் அன்பர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. பதுளை ஆஸ்பத்திரி ஒன்றில் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கிறேன். என்னை ஒரு வழி பண்ணியவர் பூனாகலைப் பக்கத்துத் தோட்டத்துப் பழனியம்மா.

பயறு

கொழும்பு மூளை டாக்டரின் கடிதத்தோடு மகள் கலா அவரைக் கூட்டி வந்தாள். பண்டாரவளைத் துணிக்கடையொன்றில் வேலை செய்கிறவள். அம்மாவின் வலது கை ஓயாமல் நடுங்கியது. "சோறு பிசையிறப்ப நல்லாத்தான் இருக்கு தம்பி. வாய்க்குக் கொண்டு போறப்ப எல்லாம் சிந்துது. மக ஊட்டிவிட்டு சாப்பிடக் கூச்சமா இருக்கு" என்றார்.

மூளையின் அடியாழத்தில் பக்கத்துக்கு ஒன்றாகச் சின்ன முடிச்சு இருக்கிறது. அதில் மெல்லிய கம்பி வைத்து மின்சாரம் கொடுத்தால் நடுக்கம் அடங்கலாம். அது எங்கே இருக்கிறது என்று மெல்லிய துண்டு துண்டாகப் படமெடுத்துத் துல்லியமாகக் காட்ட வேண்டும். அதற்கு இருபது நிமிஷம் தலை அசையக் கூடாது. அடுத்த வியாழக்கிழமை டாக்டர்கள் படத்தைப் பார்த்துத்தான் ஆபரேஷன் செய்வதா இல்லையா என்று முடிவெடுப்பார்கள். முடிச்சு எவ்வளவு பெரியது என்று பழனியம்மா கேட்டார். பயறு அளவு என்றேன். அம்மா தன் கையைப் பார்த்தார்.

"இத்துனூண்டு பயறா தம்பி என்னைய இந்த ஆட்டு ஆட்டுது?"

மூச்சு

முதல் தடவை இயந்திரம் தொடங்கி அரை நிமிஷம்கூட ஆகவில்லை, அவர் கையில் கொடுத்திருந்த மணி அடித்தது. பதறிக்கொண்டு ஓடி வெளியே இழுத்தேன். முகமெல்லாம் சிவந்து, பெரிய பெருமூச்சு விட்டார். என்னம்மா ஆச்சு என்றேன்.

"அசையாதீங்கன்னீங்க. மூச்சு விடலாம்னு யாரும் சொல்லலியே."

கண்ணாடி

இரண்டாம் தடவை மூச்சு விடச் சொன்னேன். கைக்கு இருபுறமும் மணல் பை வைத்தேன். "கைய சும்மா வச்சிருங்கம்மா" என்று மைக்கில் பத்துத் தடவை சொல்லியிருப்பேன். சொல்லச் சொல்லக் கை அதிகமாக ஆடியது. கை ஆடினால் தோள் ஆடும், தோள் ஆடினால் தலை ஆடும். படமெல்லாம் கலங்கிய குளம். பயறைக் காணோம்.

நான் இயந்திரத்தை இயக்கும் பக்கத்து அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். கடைசியில் குரலை உயர்த்திவிட்டேன். நோயாளியிடம் கத்தினோமே என்று இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. படுத்திருப்பவர் பயப்படாமலிருக்க, தலைக்கு மேல் சின்னக் கண்ணாடி ஒன்று பொருத்துவோம். ஜன்னல் வழியே எங்கள் அறை அதில் தெரியும். அதை நான் மறந்தே போனேன். வெளியே வந்த அம்மாவிடம் பேசிவிட்டு, கலா என்னிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்க சேர். கண்ணாடியில நீங்க நடக்கிறது தெரியுதாம். அதைப் பார்க்கப் பார்க்கத்தான் அம்மாவுக்குக் கை ஆட்டம் கூடுதாம்."

துவாய்

மூன்றாம் தடவை செவ்வாய்க்கிழமை. வியாழனுக்கு முன் நடுவில் ஒரே நாள். மயக்க மருந்து கொடுத்து எடுக்கலாம் என்றால் அந்த வரிசை இரண்டு மாதம் நீளம்.

வாசலில் எட்டிப் பார்த்தேன். வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த பழனியம்மா ஒரு பழைய துவாயின் குஞ்சத்திலிருந்து நூல் நூலாக உருவிக்கொண்டிருந்தார். வலது கைதான். நடுக்கமே இல்லை. எனக்குச் சோறு பிசையும் கதை ஞாபகம் வந்தது. பக்கத்தில் போய், கை இப்போது ஆடவில்லையே என்றேன்.

"விரலுக்கு ஒரு வேலை குடுத்தா கை ஆடாது தம்பி. சும்மா இருன்னு சொன்னாத்தான் அதுக்குப் பிடிக்காது" என்றார்.

துவாயை உள்ளே கொண்டு போகச் சொன்னேன். படுத்தபடி வயிற்றின் மேல் வைத்து மெதுவாக நூல் உருவினார். விரல்தான் அசைந்தது, தோள் கிடந்தது கிடந்தபடி. கண்ணாடியில் தெரியும்படி நானும் கதிரையில் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையின் மிக நீளமான இருபது நிமிஷம் அது. முடிவில் அம்மாவின் வயிற்றில் நூல் குவியல். என் திரையில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பயறு, விளிம்பு சுத்தமாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை கலா சிரித்துக்கொண்டே வந்தாள். ஆபரேஷனுக்குச் சம்மதம் கிடைத்து, நாளும் குறித்தாயிற்று. அம்மா கொடுத்ததாக ஒரு பார்சலை மேசையில் வைத்தாள். பிரித்தால் நீளக் குஞ்சம் வைத்த புதுத் துவாய்.

"அந்தத் தம்பிக்குத்தான் இது ரொம்ப அவசரமா வேணும்னு சொல்லிவிட்டாங்க சேர்."

துவாய் என் மேசையில்தான் இருக்கிறது அன்பர்களே. குஞ்சத்தில் பாதியைக் காணோம், ஆனால் ஆள் உட்கார்ந்திருக்கிறேன்.