காகிதத்தில் மடித்துக் கொடுத்த பேட்டரி

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பேனா பிடித்து ரொம்ப நாளாயிற்று. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போய்விட்டது. அதுவும் போக, என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால், இந்தத் தடவை யாரைக் கிண்டல் பண்ணியிருக்கிறான் என்றுதான் தேடுவார்கள். அப்படித் தேடினால் ஏமாந்து போவார்கள்.

போன வருஷம் ஆடி மாதம் நடந்தது. திருநெல்வேலி டவுனில் ஒரு கடிகாரக் கடையில் வேலை பார்க்கிறேன். கைக்கடிகாரம், டிவி ரிமோட், லைட் எரிகிற பொம்மை என்று எது வந்தாலும் கழற்றிப் பார்ப்பேன். முதலாளி காலையில் கடையைத் திறந்துவிட்டுப் போனால் சாயங்காலம்தான் வருவார். கடைக்கு மேலே ஒரு அறையில் நான் மட்டும் இருக்கிறேன். அம்மா திருப்பூரில் அக்கா வீட்டோடு போய்விட்டாள். ஒரே கூட்டாளி துபாயில் இருக்கிறான். பேச ஆள் கிடையாது. அதனால் கடைக்கு வருகிறவர்களைப் பிடித்து வைத்துக்கொள்வேன். கிண்டல் பண்ணி ஒரு சிரிப்பு சிரிக்காமல் யாருக்கும் கடிகாரத்தைத் திருப்பித் தரமாட்டேன்.

அப்படி என்னிடம் மாட்டியவர்தான் பேட்டை அண்ணாச்சி. முப்பது வருஷம் அரிசி ஆலையில் மெஷின் ஓட்டியவர். அந்தச் சத்தத்தில் காது போயிற்று. பெல்ட்டில் சிக்கி வலது கையில் இரண்டு விரலும் போயிற்று. கோயம்புத்தூரில் இருக்கிற மகள் இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கிக் கொடுத்திருந்தாள். வாரத்துக்கு ஒரு ஜோடி பேட்டரி வேண்டும். ஒவ்வொன்றும் நெற்றியில் வைக்கிற பொட்டு அளவுதான் இருக்கும். அவர் வந்ததும் நான் சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பேன். மெஷின் நின்றுவிட்டதென்று காதைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததும் கண்டுபிடித்துவிடுவார். நாலு வசவு விட்டுவிட்டு அவரும் சிரிப்பார்.

பேட்டரி ஆறு ஆறாகக் கெட்டி அட்டையில் வரும். சின்னப் பிள்ளைகள் கையில் திறக்கக்கூடாது என்று செய்தது. கத்தரிக்கோல் இல்லாமல் பிரியாது. மூன்று விரலை வைத்துக்கொண்டு அண்ணாச்சியாலும் முடியவில்லை. வாராவாரம் அடுத்த வீட்டு வாசலில் அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறதாகச் சொன்னார். அதற்குப் பிறகு நானே அட்டையை வெட்டி, ஆறையும் சுண்டல் மாதிரி காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடுவேன். அட்டையை உடைக்காமல்தான் விற்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். நான் எப்போது சொல்பேச்சு கேட்டிருக்கிறேன்?

ஆடியில் அண்ணாச்சி வரவில்லை. கடைசியாக வந்துபோய் ஒரு மாதம் தாண்டியதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு பேட்டைக்குப் போனேன். அக்கறை என்று பொய் சொல்லமாட்டேன். கடை லீவு, எனக்குப் போக வேறு இடமில்லை.

ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு வீடுகள் உள்ள வளவு அது. முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம் பேட்டரிக் கடையிலிருந்து வருகிறேன் என்றேன். அவள் கையிலிருந்த துணியை வாளியிலேயே போட்டாள்.

“அந்தப் பொட்டலம் மடிச்சது நீதானா?”

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அண்ணாச்சி பேட்டரி மாற்றும்போது ஒன்று பொட்டலத்திலிருந்து கீழே விழுந்திருக்கிறது. மெஷினைக் கழற்றியிருந்ததால் சத்தம் கேட்கவில்லை. அந்த அக்காவின் இரண்டு வயது மகள் அதை எடுத்து மூக்கில் திணித்துக்கொண்டாள். மறுநாள் ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும் கறுப்பாக வடிந்திருக்கிறது. சளி என்று நினைத்து அக்கா தைலம் தடவியிருக்கிறாள். பொட்டலத்தில் ஒன்று குறைவதைக் கண்டு பதறியது அண்ணாச்சிதான். அவரே ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பேட்டரியை எடுத்துவிட்டார்கள். உள்ளே வெந்து புண்ணாகியிருந்தது. இன்னும் தாமதித்திருந்தால் மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்திருக்கும் என்றார்களாம்.

பிள்ளை தேறிவிட்டாள். வாளித் தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டிருந்தாள். எனக்குத்தான் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அண்ணாச்சி தன் வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். காதில் மெஷின் இல்லை. பக்கத்தில் கிடந்த போன் அடித்தது. திரையில் மகள் படம். அவர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார். அடித்து ஓய்ந்தது. கொஞ்சம் கழித்து மறுபடியும் அடித்து ஓய்ந்தது. தனியாகக் கிடப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனாலும் அந்த இரண்டு நிமிஷத்தை என்னால் தாங்க முடியவில்லை.

என்னைப் பார்த்ததும், தன் குரல் தனக்கே கேட்காதவர்கள் பேசுவதுபோல் உரக்கச் சொன்னார்: “எல்லா பேட்டரியும் தூரப் போட்டுட்டேம்லே. ஒரு பிள்ளைய நோகடிச்சிட்டு எனக்கு எதுக்குக் காது?”

தப்பு என்னுடையது என்றேன். அவருக்கு என் வாய் அசைவதுதான் தெரிந்தது. பழைய விளையாட்டு என்று நினைத்து லேசாகச் சிரித்தார்.

கையிலிருந்த அட்டையின் பின்னால், உடைக்கக்கூடாது என்று முதலாளி சொல்லியும் உடைத்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்தேன். ஏகப்பட்ட பிழை இருந்திருக்கும். வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் படித்தார். “எனக்காவத்தானலே செஞ்ச” என்றார்.

வாசலில் நின்ற அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “பொட்டலம் இனி இந்த வளவுக்குள்ள வரப்பிடாது. அதுக்காவ அவுக காது கேக்காமலே கெடக்கணுமா? நான் சுத்தின பீடியக் கொடுக்கக் கடைக்குப் போனா பிள்ள அழுதா கேக்க அவுகதான் இருந்தாவ. நீயே மாட்டி விட்டுத் தொலையேன்.”

அங்கேயே அட்டையை வெட்டி இரண்டு காதுக்கும் மாட்டிவிட்டேன். மீதி நாலையும் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டேன். அண்ணாச்சி மகளுக்குப் போன் போட்டார். நான் வெளியே வந்து நின்றேன். பேச்சு லேசில் முடியவில்லை. எனக்கும் அவசரமில்லை, அறையில் யாரும் காத்திருக்கவில்லை.

முதலாளியிடம் சொன்னபோது வாங்கிக் கட்டிக்கொண்டேன். இப்போது சனிக்கிழமைதோறும் அண்ணாச்சி கடைக்கு வருகிறார். நான்தான் மாட்டிவிடுகிறேன். மிச்சமுள்ள பேட்டரியும் தீர்ந்துபோன பேட்டரியும் கடையிலுள்ள திருகுமூடி டப்பாவுக்குள் போய்விடும். அவருடைய பேட்டரி காதில் உட்கார்ந்துதான் கடையை விட்டு வெளியே போகிறது. பிள்ளைக்கு எட்டாமலும் அவருக்கு எட்டும்படியும் வைக்க அட்டையால் முடியாது, அதற்கு ஒரு ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குப் புரிந்தது. நான் யாருக்காவது அப்படி நிற்பேன் என்று அதுவரை நினைத்ததே இல்லை.

எழுதியதை முதலில் துபாய்க் கூட்டாளிக்கு அனுப்பினேன். ஒரு வருஷமாகப் போனில் அவனிடம் கேலி மட்டும்தான் பேசியிருக்கிறேன். பதில் ஒரே வரியில் வந்தது.

“இவ்வளவு நாளா இத ஏம்லே எங்கிட்ட சொல்லல?”