க்ளெனிஸ் யார்வுட் கேட்ட ஒற்றை ஓட்டு

பன்னிரண்டு ஆண்டுகளாக ஹார்ட்லிங் நகர மன்றத்தில் மில் லேன் வட்டாரத்தின் உறுப்பினர் க்ளெனிஸ் யார்வுட். ஒவ்வொரு தேர்தலிலும் அவளுக்குத்தான் முதலிடம். இந்த மே மாதம் அது பறிபோகும் என்று பயந்தாள்.

வட்டாரத்துக்கு இரண்டு இடம். ஆளுக்கு இரண்டு ஓட்டு. க்ளெனிஸோடு கூட நின்றுவந்த பெரியவர் ஒதுங்கிக்கொள்ள, அவர்களுடைய குடியிருப்போர் சங்கம் அவர் இடத்தில் டாம்சின் ஆபரியை நிறுத்தியது. வயது முப்பத்தாறு, ஊருக்கு வந்து இரண்டே வருடம். ஓட்டுச்சீட்டில் பெயர்கள் குடும்பப்பெயரின் அகரவரிசைப்படி வரும். ஆபரி உச்சியில், யார்வுட் அடியில்.

சாக்கடை அடைப்புக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் அலைந்தவள் க்ளெனிஸ். கதவைத் திறந்தவர்களோ, "உங்ககூட நிக்குதே அந்தப் பொண்ணு, தங்கமான பொண்ணு!" என்றார்கள்.

"தங்கமாம், தங்கம்! நம்ம நாய்கூட அவ காலடியிலதான் போய்ப் படுக்குது," என்று வீட்டில் பொருமினாள்.

"நாய்க்கு ஓட்டில்லயே, க்ளென்," என்றான் கணவன் க்ளைவ்.

கடைசி வாரம், தனியாகப் போன வீடுகளில் குரலைத் தாழ்த்தினாள். "ரெண்டு ஓட்டையும் போட்டே ஆகணும்னு சட்டமில்ல. எனக்கு ஒண்ணு போட்டாப் போதும்."

வெள்ளிக்கிழமை காலை விளையாட்டரங்கில் ஓட்டு எண்ணிக்கை. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசைகள். வேட்பாளர்கள் சீட்டைத் தொடக் கூடாது, எட்டிப் பார்க்கலாம். ஒரே அணிக்கு இரண்டு ஓட்டும் விழுந்தவற்றைக் கட்டாகக் கட்டினார்கள். மற்றவை தனித் தட்டில். அந்தத் தட்டு நிரம்பி வழிந்தது. டாம்சின் குனிந்தாள். சீட்டுக்குச் சீட்டு, அடியில் மட்டும் ஓட்டைக் குறிக்கும் ஒரே ஒரு பெருக்கல் குறி.

"க்ளெனிஸ், உச்சியில இருக்கற என் பேரு யார் கண்ணுலயும் படலயா?"

"மறந்திருப்பாங்கம்மா. வயசானவங்க."

"இத்தனை பேருமா?"

எதிரணி வேட்பாளர் ராய் பெக்வித் தேநீர்க் கோப்பையோடு க்ளெனிஸ் பக்கம் வந்து நின்றார். "அம்மணி, உங்க சங்கத்துல என்னையும் சேத்துக்கங்க. இவ்வளவு ஒத்தாசை என் கட்சிக்காரனே எனக்குப் பண்ணல!"

க்ளெனிஸுக்குக் காது சிவந்தது.

பகல் ஒரு மணிக்கு அதிகாரி ஒலிபெருக்கியில் வாசித்தார். யார்வுட் 911. பெக்வித் 702. ஆபரி 695.

ஏழு ஓட்டு. டாம்சின் வந்து க்ளெனிஸின் கையைப் பற்றினாள்.

"வாழ்த்துகள். ஒண்ணு மட்டும் சொல்றேன். நான் நிக்கறது பிடிக்கலன்னா என்கிட்டயே சொல்லியிருக்கலாம். நின்னிருக்கவே மாட்டேன்."

சங்கத்தார் டாம்சினைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அவளைக் கட்டிக்கொண்டாள், இன்னொருத்தி கைக்குட்டை நீட்டினாள். முதலிடம் வாங்கியவள் தனியாக நின்றாள். தோற்றுப்போயும் கூட்டத்தை அவளே இழுத்துக்கொள்கிறாளே என்று வயிறு எரிந்தது.

அந்த ஓர் இடத்தால் சங்கம் மன்றத்தில் பெரும்பான்மையை இழந்தது. வரும் புதன்கிழமை மன்றம் கூடுகிறது. மில் லேனுக்கான இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் க்ளெனிஸும் மற்றதில் ராய் பெக்வித்தும் உட்காருவார்கள்.