மாத்திரையை நிறுத்திவிட்டுப் பெண் பார்க்கப் போனோம்

சென்ற ஆண்டு தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் தம்பிக்குப் பெண் பார்க்கக் கருங்குழியிலிருந்து வேன் வைத்துக்கொண்டு செய்யூர் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. ஏன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தம்பியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அவன் லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்ப்பவன், அமைதியானவன். ஆனால் பெண்களின் செருப்பைப் பார்த்தால் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமும் அதோடு சேர்ந்த பாலுணர்வும் பல வருடங்களாக அவனை விரட்டிக்கொண்டிருந்தன. பக்கத்துத் தெரு கிரகப்பிரவேசத்தில் காணாமல்போன செருப்புகள் அவன் வண்டிப் பெட்டியில் கிடைத்து, அடி வாங்கிக்கொண்டு வந்த அன்றுதான் எங்களுக்கே தெரிந்தது. அம்மா அழுதார். பரிகாரம், குலதெய்வம், தாயத்து என்று ஆளுக்கொரு யோசனை வந்தது.

நான் கடற்கரைப் பக்கம் ஒரு நிறுவனத்தில் கருவிகள் பராமரிக்கும் பொறியாளர். பழுது என்றால் காரணத்தைத் தேடித்தான் பழக்கம். அவனைச் செங்கல்பட்டில் ஒரு மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அந்த டாக்டரம்மா முகம் சுளிக்காமல் கேட்டார். ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வருவது, செய்து முடித்தால்தான் பதற்றம் அடங்குவது, பிறகு வெட்கத்தில் குறுகிப்போவது எல்லாம் ஓ.சி.டி. என்கிற எண்ணச் சுழற்சி நோயை ஒத்திருக்கிறது என்றார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. அங்கே எண்ணம் அருவருப்பைத்தான் தரும், இங்கே ஆசையும் கலந்திருக்கிறது. அந்த நோய்க்குக் கொடுக்கும் மன அழுத்த மாத்திரை இதிலும் சிலருக்குப் பிடியைத் தளர்த்தும், எல்லோருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும், பேச்சு சிகிச்சையும் வேண்டும், நீங்களாக நிறுத்தக் கூடாது என்றார். பாலுணர்வு குறையலாம் என்பதையும் மறைக்கவில்லை.

மாத்திரை சாப்பிடத் தொடங்கியபின் மெல்ல மாற்றம் தெரிந்தது. "எண்ணம் வருதுக்கா. ஆனா வந்துட்டுப் போயிடுது" என்றான். அவன் அப்படிச் சாதாரணமாகப் பேசி நான் கேட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

இந்த நேரத்தில்தான் அச்சரப்பாக்கத்தில் நெல் வியாபாரம் செய்யும் தாய்மாமாவிடம் அம்மா விஷயத்தைச் சொன்னார். மருத்துவர் சொன்ன அத்தனையிலும் மாமாவின் காதில் ஏறியது ஒன்றே ஒன்று.

"ஆசையே கொறைஞ்சிடும்னா அப்பறம் இன்னாத்துக்குக் கல்யாணம்? மாத்திரைய நிறுத்து. வூட்டுக்கு ஒருத்தி வந்துட்டா எல்லாம் தானா சரியாப் பூடும்."

அதாவது, கல்யாணம் செய்வதற்காக மாத்திரையை நிறுத்த வேண்டும். மாத்திரை தேவைப்படாமல் இருப்பதற்காகக் கல்யாணம் செய்ய வேண்டும். இதை எந்தப் பக்கத்திலிருந்து பிரித்து விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. வரப்போகும் பெண்ணிடம் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். பொம்பளைப் பிள்ளை பேசுகிற பேச்சா இது என்று என் வாயை அடைத்துவிட்டார்.

வேனில் தம்பி வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான். தலை சுற்றுகிறது என்றான். துருவிக் கேட்டபோதுதான், மாமா வந்து போனதிலிருந்தே அம்மா மாத்திரையை எடுத்து வைத்துக்கொண்டார் என்று தெரிந்தது. அம்மாவைப் பார்த்தேன். "பொண்ணு பாத்துட்டு வந்து குடுத்துக்கலாம்டி" என்றார், ஏதோ நகையைக் கழற்றி வைத்திருப்பதுபோல. வேனைத் திருப்பச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

பெண் வீட்டு வாசலில் சொந்தக்காரப் பெண்கள் கழற்றிவிட்ட செருப்புகள் குவிந்து கிடந்தன. அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். இதைக்கூட யோசிக்காமல் கிளம்பி வந்திருக்கிறோமே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லோரும் உட்கார்ந்தோம், பஜ்ஜி வந்தது, மாப்பிள்ளையைக் காணோம். வண்டியை ஓரங்கட்டிகினு கீறான் என்று மாமா சமாளித்தார். அப்போது என் போன் அடித்தது.

"அக்கா, வெளிய வா. என்னால உள்ள வர முடியல."

ஓடினேன். சாலைக்கு எதிர்ப்பக்கம், சவுக்குத் தோப்பு ஓரமாக, வீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். இரண்டு கையையும் அக்குளில் இறுக்கி வைத்திருந்தான். எதையும் தொடவில்லை. பின்னாலேயே மாமா வந்தார்.

"இன்னாடா பேஜாரு பண்ணிகினு கீற? பொண்ணு ரெடியா கீது, உள்ள வா."

தம்பி திரும்பாமலேயே சொன்னான். "எனக்கு மாத்திரதான் வேணும் மாமா. கல்யாணம் வேணும்னா நீயே பண்ணிக்க. இத மறச்சு அந்தப் பொண்ணு தலையில கட்டாத."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேன் பக்கம் நடந்தார்.

நான் உள்ளே போய், தம்பி சிகிச்சையில் இருக்கிறான், இப்போது கல்யாணம் பேசுவது சரியில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று பெண்ணின் அம்மாவிடம் சொன்னேன். நானும் தம்பியும் பஸ் பிடித்துக் கிளம்பினோம். மறுநாள் மருத்துவர் எங்களைக் கடிந்துகொண்டு, குறைந்த அளவிலிருந்து மாத்திரையை மறுபடி தொடங்கினார்.

முழுவதும் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மாத்திரையும் மாதாந்திரப் பேச்சு சிகிச்சையும் தொடர்கின்றன. கிரகப்பிரவேச வீட்டுக்காரர்களிடம் அவனே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான். மாமா இன்னும் விசேஷங்களில் அவனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

அன்று அவனைச் சரிசெய்யக் கிளம்பிய அத்தனை பேரில், அவனுக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்திருந்தது அவனுக்கு மட்டும்தான். நோயில் இருக்கும் யாருக்காவது யோசனை சொல்ல வாயைத் திறக்கும் போதெல்லாம் அது நினைவுக்கு வந்து, முதலில் அவரைப் பேசவிடுகிறேன்.