பாத்திமாவின் பிள்ளைக்குப் பால் பருக்கியது யார்?

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். பேய் பிசாசு என்று யாராவது வாயைத் திறந்தால் முதலில் சிரிப்பது நான்தான். கொழும்பில், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைப் பக்கம் ஆஸ்பத்திரித் தாதி வேலைக்குப் போக, ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அடையாள அட்டையை நீட்டி, நான் நான்தான் என்று நிரூபித்துக்கொண்டிருந்த யுத்தகாலம். பேய்க்குப் பயப்பட எங்கே நேரம்?

குறைமாதப் பிள்ளைகளை வாயால் பால் குடிக்கப் பழக்குவது என் வேலை. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் அதுகளுக்குச் சேர்ந்து வராது. கோப்பையால் இரண்டு மிடறு பருக்கி, நிறுத்தி, மூச்சு விட விடவேண்டும். தாய்மார் அவசரப்பட்டால் புரைக்கேறிவிடும், நானும் நன்றாக ஏசுவேன். கொம்பனித்தெரு பாத்திமாவின் மகனோ வாயைத் திறக்கவே மாட்டான். மூக்குக் குழாயால்தான் பால். வாயால் குடித்தால்தான் வீடு என்று டொக்டர் சொல்லிவிட்டார். பாத்திமா அழுதே மெலிந்துபோனாள். அவனை நினைத்தால் எனக்கும் சோறு இறங்காது.

அன்று மத்தியானம் லிப்டில் ஏறினேன், கரண்ட் போய்விட்டது. கதவைத் தட்டி, தமிழிலும் சிங்களத்திலும் கத்தி, கடைசியில் தெரிந்த தேவாரமெல்லாம் பாடி முடித்த பிறகுதான் எலக்ட்ரீஷியன் இன்னாசி வந்து கதவை நெம்பித் திறந்தார். பிள்ளையின் பால்நேரம் தப்பிவிட்டதே என்று வார்டுக்கு ஓடினேன்.

பாத்திமாவின் மடியில் பிள்ளை. கோப்பை காலி. அவன் வாயோரம் பால்.

"ஆர் பருக்கினது?" என்று பதறினேன்.

"என்ன மிஸ்ஸி, நீங்கதானே பக்கத்துல இருந்து சொல்லித் தந்தீங்க! இன்டைக்கு ஏசவும் இல்ல," என்றாள் பாத்திமா.

பக்கத்துக் கட்டில் தாய்மாரும் தலையாட்டினார்கள். நம்பினால் நம்புங்கள்.

"பிறகு நான் எங்க போனனான்?"

"லிப்டுல ஒரு ஆள் மாட்டிக்கிட்டுப் பயத்துல பாடுறா, ஆள் அனுப்பணும் என்டு போனீங்களே."

பிள்ளை குழாய் கழற்றி வீட்டுக்குப் போனான். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். மற்றதை யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் எனக்குத்தான் மருந்து தருவார்கள்.

போன மாதம் வெள்ளவத்தை மார்க்கெட்டில் இன்னாசியைக் கண்டேன். கிழவராகிவிட்டார்.

"மிஸ்ஸி, அண்டைக்கு உங்கள எடுத்துவிடச் சொல்லி ஓடி வந்தாவே உங்கட அக்கா, சுகமா? அச்சு அசல் உங்களப் போலவே!"

"எனக்கு அக்கா இல்லை," என்றேன்.

அவர் என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தார்.

"பகிடி விடாதீங்க. அந்தா, வாறாவே."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. மரக்கறிப் பையை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.