பாலிஷ் மெஷின் வேம்புலியம்மாள்

புறங்கையைக் காரின் கதவில் வைத்தால் மூன்று எண்ணும்வரை எடுக்கமாட்டாள் வேம்புலியம்மாள். சுட்டால், மெஷினை நிறுத்திவிட்டு வேறு பக்கம் போய்விடுவாள். “கை தாங்குனா பெயிண்டும் தாங்கும்” என்பது அவள் கணக்கு. யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல, இரண்டு இடத்தில் பெயிண்டைப் பொசுக்கிய பிறகு அவளாகக் கண்டுகொண்டது.

வானகரத்தில், பூந்தமல்லி சாலையை ஒட்டிய ஜோசப்ராஜின் பெயிண்டிங் ஷெட்டில் அவளைப் பார்க்கலாம். சேலைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை, தாலிக்கயிறு சட்டைக்குள், வளையல்கள் சுவரில் ஒரு ஆணியில். மெஷினின் ஒயர் தொங்கி வண்டியில் உரசக்கூடாதென்று அதைத் தோள்மேல் போட்டிருப்பாள். வயது முப்பத்தொன்பது. கேட்டால் நாற்பத்தைந்து என்பாள். உடம்பைக் கேட்டுச் சொல்கிறாளோ என்னவோ.

அந்த ஷெட்டில் பதினோரு வருஷம் கையால் பாலிஷ் போட்டவன் அவள் புருஷன் துலுக்கானம். துணியோடு பின்னாலேயே துடைத்துக்கொண்டு வருவது இவள் வேலை. தேய்த்துத் தேய்த்தே அவனுடைய வலது தோள் போய்விட்டது. கை மார்புக்கு மேல் ஏறாது. வீட்டுக்கு வெளியே யாருக்கும் இது தெரியாது. கதவு, டிக்கி என்று தாழ்ந்த இடமாகப் பார்த்து அவன் நின்றுகொள்வான். மேல் கூரையைச் சத்தமில்லாமல் இவள் தேய்த்துவிடுவாள்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம் ஆடியில் ஜோசப்ராஜ் சுழல்கிற மெஷினை வாங்கி வந்தார். ஆயுத பூஜைக்கு வண்டிகள் குவியும், அதற்குள் துலுக்கானம் பழகிவிட வேண்டும். இல்லையென்றால் அம்பத்தூரிலிருந்து ஆள் வரும், நீங்கள் இரண்டு பேரும் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். “அடுத்த வாரம் புடிக்கிறேன் மொதலாளி” என்று துலுக்கானம் ஒவ்வொரு வாரமாகத் தள்ளினான். முதலாளி சாப்பிடப் போகும் மதியங்களில் மெஷினைப் பிடித்தது வேம்புலியம்மாள்.

முதல் நாள் மெஷின் அவளை இழுத்துக்கொண்டு ஓடியது. பழகுவதற்கு இருந்தது சுவரில் சாய்த்திருந்த ஒரு உடைசல் கதவு. மெஷினின் முனையில் சுழலும் கம்பளித் தட்டைச் சாய்த்தால் வட்ட வட்டமாகக் கோடு விழும், ஒரே இடத்தில் நிறுத்தினால் பொசுங்கும். அதெல்லாம் நாலு நாளில் பிடிபட்டுவிட்டது. ஓரம்தான் அவளைப் படுத்தி எடுத்தது. வண்டியின் ஓரங்களில் பெயிண்ட் மெல்லிசு, கொஞ்சம் அழுத்தினால் அடிப்பூச்சின் செங்காவி பல்லை இளிக்கும். இவள் கையோ தானாக ஓரத்துக்குப் போய் அங்கேதான் அழுத்தும். ஏழு வயதிலிருந்து பாத்திரம் தேய்ப்பவள். கரி அப்புவதே விளிம்பில்தானே.

“சட்டி தேய்ச்ச கைய்யா இது. ஓரத்த உட்டுட்டு வர மனசு வர்ல” என்று துலுக்கானத்திடம் அழுதிருக்கிறாள்.

கடைசியில் வீட்டிலேயே பாத்திரங்களை விளிம்பைத் தொடாமல் தேய்த்துப் பழகினாள். ஒரு மாதம் அந்த வீட்டுச் சோற்றுப்பானை கழுத்தில் கரியோடுதான் உட்கார்ந்திருந்தது. பக்கத்து வீட்டு நாகம்மா பார்த்துவிட்டு, வேம்புலிக்குச் சோம்பல் வந்துவிட்டதென்று தெருவெல்லாம் சொன்னாள். சோம்பலாம்! ராத்திரி தன் தோளைப் பிடித்துவிடச் சொல்லலாமென்றால் புருஷனுக்குக் கை வராத வீடு அது.

ஆயுத பூஜைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது ஜோசப்ராஜ் சாப்பாட்டிலிருந்து சீக்கிரம் திரும்பி, கையும் மெஷினுமாக அவளைப் பிடித்தார். உடைசல் கதவின் ஓரத்தை விரலால் தடவினார். திட்டவில்லை. வாடிக்கைக்காரர் கொரட்டூர் பார்த்தசாரதியின் நீல ஃபியட்டைக் காட்டினார். அது சரியாக வந்தால் இருவருக்கும் வேலை உண்டு, ஓரம் போனால் அன்றைக்கே கிளம்ப வேண்டியதுதான்.

“ஆனா ஒண்ணு. பொம்பள மெஷின் புடிக்குதுன்னு தெரிஞ்சா எவனும் வண்டி உட மாட்டான். யாராச்சும் கேட்டா உன் ஊட்டுக்காரன்தான்.”

இரண்டு நாள் பிடித்தது. மெஷினை நிறுத்திய பிறகும் கை அதிர்ந்துகொண்டே இருக்கும்; டீ கிளாஸைத் தூக்கினால் பாதி சிந்தும். மூக்கு, காதோரம், தலைமயிர் எல்லாம் ஃபியட்டின் நீலம். எப்போது உட்காரலாம் என்பதைத் தவிர அவளுக்கு வேறு யோசனை ஓடவில்லை. வேலை நிலைத்துவிட்டால் தினமும் இதே பாடுதான். பாவம், நிலைக்காவிட்டால் அது இதைவிடப் பெரிய பாடு.

பார்த்தசாரதி வந்து வண்டியை வெயிலில் நிறுத்தச் சொன்னார். சுற்றி வந்தார். கதவு ஓரங்களில் குனிந்து குனிந்து பார்த்தார். வேம்புலியம்மாள் சுவரோரம் நின்று ஆணியிலிருந்த வளையல்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

“பதினாறு வருஷ வண்டிப்பா இது. வாங்கினப்பகூட இந்த மினுமினுப்பு இல்ல. யாரு போட்டது?”

“நம்ம துலுக்கானம்தான் சார்” என்றார் ஜோசப்ராஜ்.

பார்த்தசாரதி பாராட்டி, டிக்கியோரம் நின்ற துலுக்கானத்திடம் கையை நீட்டினார். துலுக்கானம் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. முதலாளி கண்ணைக் காட்டினார். பேசாமல் பிடித்துக்கொள்ளேன் என்று வேம்புலியம்மாளும் தலையை ஆட்டினாள்.

“நான் இல்ல சார். போட்டது என் சம்சாரம்.”

பார்த்தசாரதி விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். துலுக்கானம் வலது கையைத் தூக்கினான். மார்பு வரை வந்து நின்றது. பல்லைக் கடித்து இன்னும் கொஞ்சம் முயன்றான், ஏறவில்லை. கையைக் கீழே போடாமல், முதலாளிக்கும் நன்றாகத் தெரியும்படி திரும்பி, அப்படியே நின்றான்.