பச்சையாகிப்போன வெறும் தண்ணீர்

1974இல் செங்கமலவல்லிக்கு இருபத்தாறு வயது. திருவள்ளூரில் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்யும் குடும்பம். ரத்தத்தைத் தொடுகிற வேலையா என்று வீட்டார் தடுத்தும் கேளாமல், ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். எதையும் ஏன் என்று கேட்காமல் விட அவளால் ஆகாது.

அந்த வாரம் அவளைக் குடைந்தது சின்னராசுவின் ரத்தம். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து விவசாயக் கூலி, ஈரல் கெட்டவர். ரத்தத்தில் அம்மோனியா ஏறினால் புத்தி தடுமாறும் என்று டாக்டர் ராமபத்ரன் பருப்பு, பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார். மூன்று தடவை பார்த்தும் அளவு உச்சத்தில்தான். "நாளைக்கும் இப்படின்னா ஆத்துக்கு அழைச்சுண்டு போகச் சொல்லிட வேண்டியதுதான்" என்றார் டாக்டர்.

சின்னராசுவோ தெளிவாகப் பேசினார். "கஞ்சித்தண்ணி ஊத்தியே சாவடிச்சிருவீங்க போலக்கீதே!"

அவர் மனைவி சாராள் செங்கமலவல்லியிடம் கெஞ்சினாள். "எலும்புந்தோலுமா ஆயிட்டாரும்மா. ஒரு கரண்டி பருப்பு குடுக்கலாமான்னு கேளும்மா."

அவ்வளவு அம்மோனியா ஏறியவர் இப்படிக் கேலி பேசுவாரா?

சோதனைக்கு ஒரு கண்ணாடித் தட்டு. அதன் நடுவே சின்னக் குழி. வெளிவட்டத்தில் ரத்தமும் காரமும், குழியில் இளஞ்சிவப்புத் திரவம். மூடி வைத்தால், ரத்தத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா அதைப் பச்சையாக்கும். மறுநாள் காலை ரத்தத்துக்குப் பதில் காய்ச்சி வடித்த தண்ணீரை விட்டு மூடினாள்.

அதுவும் பச்சையானது.

"தண்ணிக்குமா ஈரல் கெட்டுடுத்து?" என்று முணுமுணுத்தபடி ஒவ்வொரு புட்டியாக மோந்தாள். கடைசியில் ஜன்னலருகே நெடி மூக்கில் ஏறியது. அடுத்த கட்டடத்தில் துளசிராமனின் வரைபட நகல் கடை. உள்ளே போனதும் கண் எரிந்தது.

"இன்னாம்மா, இங்கியும் ஊசி போட வந்துட்டியா?"

"இது என்ன நெடி?"

"அமோனியாம்மா. இந்தப் புகை பட்டாத்தான் மேப்புல கோடு தெரியும். கும்மிடிப்பூண்டில பேக்டரிக்கு நெலம் அளக்குறாங்கோ, ஒரு வாரமா மிஷினு ஓடிக்கினே கீது."

திரும்பி வந்து, ஆஸ்பத்திரி மாடியில் பின்பக்க அறைக்குத் தட்டுகளைக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். அங்கே புதிதாகத் தண்ணீர் வைத்த தட்டு இளஞ்சிவப்பாகவே இருந்தது. உடனே சின்னராசுவிடம் ரத்தம் எடுத்து, ஐஸில் வைத்து ஓடிவந்து சோதித்தாள். அளவு சாதாரணத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

டாக்டர் பச்சையும் இளஞ்சிவப்புமான இரண்டு தண்ணீர்த் தட்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தினமும் வெறும் தண்ணி வெச்சுப் பார்க்கிறதில்லையா?"

"மருந்து மிச்சமாகட்டும்னு மாசத்துக்கு ஒரு தரம்தான் சார் வெச்சேன். தப்பு என்னோடதுதான்."

அவர் சீட்டில் பழைய உத்தரவை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். அவளே அதை வார்டுக்கு எடுத்துப் போனாள்.

"இன்னிக்கு ஒரு கரண்டி பருப்பு. நாளைக்குப் பார்த்துட்டு இன்னொண்ணு."

சாராள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சின்னராசு எழுந்து உட்கார்ந்தார்.

"கரண்டின்னா எந்தக் கரண்டிம்மா? எங்க ஊட்டுக் கரண்டியா, உங்க ஆஸ்பத்திரிக் கரண்டியா?"